பேருந்தில் விசாரித்த சம்பளம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். ஒன்றும் உருப்படியாக முடியாது. அதனால்தான் கடிதம்.

நீ எழுதி அனுப்பிய கணக்கை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். வேதியியல் முடித்து வேலைக்குப் போனால் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்கடனுக்கே போய்விடும், வாடகையும் சாப்பாடும் போகக் கையில் ஒன்றும் தங்காது, ஆகவே மாதக் கடைசியோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல்லூரி வாசலில் உள்ள செல்போன் கடையில் சேர்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் உன் கணக்கு தப்பு என்று சொல்லவும் எனக்கு விவரம் தெரியவில்லை.

நான் ஓட்டுகிற பஸ் தினமும் காலையில் தொழிற்பேட்டைக்குத்தானே போகிறது? மருந்துக் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி என்று எல்லா ஆட்களும் அதில்தான் வருகிறார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர்களை மடக்கி, நீங்கள் படித்தது வேதியியலா, சம்பளம் என்ன, கடன் அடைந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டிக்கெட் கேட்டாலே முறைக்கிறாங்க, நீங்க சம்பளத்தைக் கேக்குறீங்களேண்ணே" என்றார். ஒருவர் நான் மாப்பிள்ளை தேடுகிறேன் என்று நினைத்து, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவசரமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், "வேற எதுலயாவது சேத்துவிடுங்க சார், இதுல பெருசா ஒண்ணும் தேறாது" என்றார். அன்று முழுக்க எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை.

மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு பெண் மட்டும் நின்று பேசினார். அவரும் கடன் வாங்கிப் படித்தவர்தான். முதல் இரண்டு வருஷம் நாக்குத் தள்ளிவிட்டது என்றார். நாலு பேர் ஒரே அறையில் இருந்துதான் தவணை கட்டினாராம். பிறகு அங்கேயே ஒரு பெரிய கருவியை இயக்கக் கற்றுக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறியதும் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பானதாம். அப்படியும் கூடப் படித்தவர்களில் சிலர் இந்தத் துறையையே விட்டுப் போய்விட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சீக்கிரம் சம்பாதிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன என்றார்.

வங்கிக்கும் போய் வந்தேன். நீ பாதியில் நின்றாலும் இதுவரை வாங்கிய கடன் நின்றுவிடாதாம். உடனே தவணை தொடங்கிவிடும், கையில் பட்டமும் இருக்காது. உன் கணக்கில் இதை நீ சேர்க்கவில்லை. முடித்துவிட்டால் ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கலாம். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டியும் தருவார்களாம், ஆனால் வட்டி கூடும். இதையும் நீ யோசித்துக்கொள்.

அந்தப் பெண் இறங்கும்போது திரும்பி, "எல்லாம் சரிண்ணே, உங்க பொண்ணுக்கு அந்தப் படிப்பு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. முதல் வருஷம் ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் மூச்சிரைக்கப் போன் செய்து, "ஒரே ஒரு சொட்டுப்பா, குடுவை முழுக்க ரோஸ் ஆயிடுச்சு" என்று கத்தினாயே, நினைவிருக்கிறதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பணிமனையில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்று. போன விடுமுறையில் நான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதை நீ கதவோரம் நின்று பார்த்தாயாம். அதற்கப்புறம்தான் இந்தக் கணக்கெல்லாம் தொடங்கியது என்கிறாள் அம்மா. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கண்ணு, இந்தப் பட்டையை எங்கள் டிரைவர்களில் பாதிப் பேர் கட்டுகிறார்கள். அது வலிக்காகக் கட்டுவது, பார்த்து நீ அழுவதற்கு இல்லை. டாக்டரிடம் காட்டிவிட்டேன். இரட்டை ஷிப்ட் பார்ப்பதையும் நிறுத்தியாயிற்று. சத்தியமாக.

அந்தப் படிப்பு உனக்குக் கசந்துவிட்டது என்றால் இன்றைக்கே மூட்டையைக் கட்டு, நானே வந்து கூட்டி வருகிறேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் எனக்காக விடாதே. நாளைக்கு நீ அந்தக் கடையில் நன்றாகவே சம்பாதித்தாலும், உன்னைப் பார்க்கிறபோதெல்லாம் என் மகள் எனக்காக எதையோ விட்டாள் என்றுதான் தோன்றும். அந்தக் கடனை நான் எந்த வங்கியில் போய்க் கட்டுவேன்?

அம்மா பக்கத்திலிருந்து எழுதச் சொல்கிறாள்: "சம்பாதிக்கிறதைப் பத்தி எழுதினது போதும். சாப்பிட வரச் சொல்லுங்க."

வா, கண்ணு. எதை முடிவு செய்தாலும், முதலில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா