கேமராவுக்குக் காது கிடையாதாம்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகம் எப்படி என்று தொடங்குவதுதான் முறை. இங்கே யாரும் சுகமாக இல்லை, பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் சுகத்தைக் கேட்பது மட்டும் நிஜம். எங்கே இருக்கிறாய் என்றுகூட நான் கேட்கவில்லை, இருக்கிறாயா, அதை முதலில் சொல். இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியாது. வல்லூறுக் கூட்டை இன்டர்நெட்டில் காட்டுகிற கேமராவை நடத்துகிற பல் டாக்டரம்மாவிடம் உன் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, நான் எவ்வளவோ கெஞ்சியும் தரவில்லை. ‘அவரு என்னை நம்பிக் குடுத்தது, நான் எடுத்து நீட்டிட்டா அப்புறம் இங்கயும் வராமப் போயிடுவாரு, நீங்க எழுதிக் குடுங்கம்மா, படம் பிடிச்சு நான் அனுப்புறேன்’ என்றார். முதலில் ஆத்திரமாக வந்தது, பிறகு அவர் சொன்னதும் நியாயம்தான் என்று அடங்கிவிட்டேன். போன வாரம் கேமரா படத்துக்குக் கீழே நீ எழுதினாயே, அதற்குப் பதில்தான் இது. ஆனால் இங்கே நடந்ததில் நீ பார்த்தது பாதிதான், அதனால் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எழுத்து கோணலாக இருக்கும், வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் போன் நின்றபோது வேலை அதிகமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். பிறகு இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்ணின் குரல் வர ஆரம்பித்தது. ஒருநாள் அப்பா அந்தக் குரலிடமே ‘ஏம்மா, எங்க பையன் எங்கம்மா போனான்’ என்று கேட்டுவிட்டு, நான் வாசற்படியில் நிற்பதைப் பார்த்ததும் போனைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அக்கா உன் கம்பெனிக்கு எழுதினாள், அவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உன்னோடு அறையில் தங்கியிருந்த பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டால், வேலை போனதை வீட்டில் சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியதாகவும், ஒரு பையோடு கிளம்பிப் போய்விட்டதாகவும் சொல்லி அவனே அழுதான். காவல் நிலையத்தில் ‘சின்னப் புள்ளையா காணாமப் போறதுக்கு? முப்பது வயசு ஆளு, அவரா வருவாரு போங்க’ என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வெளியே வந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தார், அது யாருடைய செருப்போ, இன்னும் நம் வீட்டில்தான் கிடக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பறவை ஞாபகம் வந்தது. போனில் பேசும்போது பாதி நேரம் அதைப் பற்றித்தானே பேசுவாய். நம் ஊர்த் தொலைபேசி நிலையக் கட்டடத்தின் உச்சி விளிம்பில் அது கூடு வைத்திருக்கிறது என்று எங்கேயோ கிடக்கிற நீ எனக்குச் சொல்வாய், அதே கட்டடத்தின் அடியில் தினமும் பஸ் ஏறி மருந்துக்கடை வேலைக்குப் போகிற நான் ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. அக்காவை விட்டு அந்தக் கேமரா பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பெரிய பறவை குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, படத்துக்குக் கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதிக்கொண்டே இருந்தார்கள், அந்தக் கூட்டத்தின் நடுவில் முட்டைக்கண்ணன் என்று ஒரு பெயர். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே எல்லோரும் நீ முட்டைகளையே கண்கொட்டாமல் பார்ப்பதால் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டாய் என்று நினைத்திருக்கிறார்கள். பிறந்தபோது முகத்தில் கண்ணைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையென்று அப்பா கூப்பிட்ட பெயர் அது என்று நம் நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடியது. குஞ்சு கொட்டாவி விடுகிறது என்று நீ எழுதுவாய், அப்பா அடுப்படிக்கு வந்து ‘எழுதிட்டான்’ என்பார், அதற்குப் பிறகுதான் எங்கள் தொண்டையில் சோறு இறங்கும். உன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது, கேட்டால் பறந்துவிடுவாய் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மத்தியானம் வந்தது. தொலைபேசி நிலையத்துக்கு எதிரே புதிதாக எழுந்திருக்கிறதே கண்ணாடிக் கட்டடம், அதில் வானம் அப்படியே தெரிகிறது, மேகம்கூடப் போகிறது. இரையோடு திரும்பிய பெண் வல்லூறு அதையும் வானம் என்று நம்பி முழு வேகத்தில் போய் மோதிவிட்டது. காவலாளி துடைப்பத்தோடு வருவதற்குள் உயிர் போய்விட்டது. கேமராவில் அது தெரியவில்லை, குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்து கத்துவது மட்டும் தெரிந்தது, செய்தியை டாக்டரம்மாதான் எழுதினார். அதற்குக் கீழே நீ எழுதினாய், ‘பெருசு போயிடுச்சு. இனிமே ஆணு மட்டும் எதுக்கு இருக்கணும்’ என்று. கண்ணு, அதைப் படித்ததும் நான் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அக்கா ஓடிவருவதற்குள் அப்பா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ‘கண்ணா அப்பாடா சாப்பிட்டியா’ என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு முட்டைக்கண்ணன் என்ற பெயரே அங்கே வரவில்லை. நீ அப்பாவின் வரியைப் பார்த்துப் போனாயா, பறவைக்காகப் போனாயா, இல்லை வேறு எதற்காகவோ, எங்களுக்கு என்ன தெரியும். ‘நான்தான் விரட்டிட்டேன்’ என்று அப்பா அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார், சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார், உன் அக்கா மடியில் படுத்துக் குழந்தை மாதிரி அழுதார், நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல் நேரே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய்விட்டேன். தொலைபேசி நிலையத்துக்கு எதிர்வரிசையில் இரண்டாவது மாடி, அதன் மொட்டை மாடியில்தான் இவர்கள் கூடுகிறார்கள், மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய தொலைநோக்கி, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், எல்லோர் கழுத்திலும் ஒரு பைனாகுலர். நான் வாயைத் திறந்து அழுத அழுகையில் அந்தம்மா உன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கூடவே எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். உன்னைக் காணோம் என்று அங்கே எல்லோருமே தவித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது எனக்குப் பெரிய ஆச்சரியம். கூட்டுக்குத் தட்டு செய்து கொடுத்த வெல்டர் என்னிடம் ‘முட்டைக்கண்ணன் உங்க பையனாம்மா? நெறய தெரிஞ்ச ஆளும்மா, நாங்க என்ன கேட்டாலும் சொல்லுவாப்ல’ என்று சொன்னபோது பெருமைப்படுவதா மாரில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தினமும் வேலை முடிந்து அங்கே போக ஆரம்பித்தேன். பறவைக்காகப் போகவில்லை, அதை ஒளிப்பானேன், நீ என்றைக்காவது எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும் என்றுதான் போனேன்.

போனவள் பார்க்கவும் செய்தேன். ஆண் வல்லூறு பெண்ணைவிடச் சின்னது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அது ஒண்டியாக மூன்று வாய்க்கு அலைந்தது. ஒரு புறாவைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நிற்காமல் போகும், மழை பெய்தாலும் போகும், வால் இறகு ஒன்று முறிந்து தொங்கியது. பெண்தான் கிழித்து ஊட்டும், ஆணுக்கு அந்தப் பழக்கம் குறைவு என்று டாக்டரம்மா பயந்தார். முதலில் அது இரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியும் இப்படியும் பார்த்தது, பிறகு அதுவாகவே கிழித்துக் கொடுத்தது. கடைசிக் குஞ்சு தாங்கவில்லை, ஒரு காலையில் தட்டின் ஓரத்தில் தலை சாய்த்துக் கிடந்தது. மற்ற இரண்டும் பஞ்சு உதிர்ந்து பழுப்பு இறகு போட்டு, விளிம்பில் நின்று சிறகடிக்க ஆரம்பித்தன. பறவையைக் காட்டி உனக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை ராஜா, அதற்கு ஒன்றும் தெரியாது, குஞ்சு கத்தியது, அது இரை தேடிப் போனது. நீ கேமராவை விட்டுப் போனதால் உனக்குத் தெரியாமல் இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், மேலே மாடியிலிருந்து எல்லோரும் ஒரே குரலாகக் கத்துகிறார்கள். ஒரு குஞ்சு நன்றாகப் பறந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டது, மற்றது காற்றில் தடுமாறி, கண்ணாடியில் சிறகு உரசி, நடுரோட்டில் வந்து விழுந்தது. வண்டிகள் சீறிக்கொண்டு வருகின்றன. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி நடுவில் நின்றுவிட்டேன். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ‘ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா’ என்று கத்தினார். அது தத்தித் தத்தி ஒரு வேனுக்கு அடியில் புகுந்தது, நான் தரையில் படுத்துக் கையை விட்டுப் பிடித்தேன், வெறுங்கை, அதுவும் என்னைப் பிடித்துக்கொண்டது, நகம் உள்ளே இறங்கியது. விடவில்லை, நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை. வெல்டர் ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அதன் தலையில் போட்ட பிறகுதான் பிடி தளர்ந்தது. பக்கத்து மருந்துக்கடையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்து அதில் விட்டோம். உடனே உயரத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் தகப்பன் தேடி வரும் என்றார்கள், தொலைபேசி நிலையத்துக் காவலாளி லிப்ட்டைத் திறந்துவிட்டார், பெட்டியை நான்தான் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன், உள்ளே அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் வயிற்றில் தெரிந்தது.

மேலே போய்ப் பெட்டியைச் சாய்த்து வைத்தேன், மூடி மாட்டிக்கொண்டது, குனிந்து முகத்தைக் கிட்டே வைத்துப் பிரிக்கப் பார்க்கிறேன், வெல்டரின் போன் அலறியது. டாக்டரம்மா தன் கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேமராவை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அவர் கத்தியது எனக்கே கேட்டது, ‘முட்டைக்கண்ணன் எழுதியிருக்காரு, முட்டைக்கண்ணன் எழுதியிருக்காரு’ என்று. நீ எழுதியதை அவர் படிக்கப் படிக்க வெல்டர் எனக்குத் திருப்பிச் சொன்னார். ‘அவங்களை முகத்தைத் தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்க, கண்ணைக் கொத்திடும். கையில ரத்தம் வருது, உடனே ஊசி போடணும். அது எங்கம்மா.’ நான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். நின்று பேசினேன். அழுதேன், திட்டினேன், என்னென்னவோ சொன்னேன், மூச்சு வாங்கும்வரை பேசினேன். எல்லாம் முடிந்த பிறகு வெல்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, ‘அம்மா, அதுக்குக் காது கெடையாதும்மா, படம் மட்டும்தான் போகும்’ என்றார்.

குஞ்சு தானாகவே பெட்டியை விட்டு வெளியே வந்தது, இருட்டுவதற்குள் தகப்பன் இரையோடு வந்து பக்கத்தில் இறங்கியது, அடுத்தடுத்த நாளில் நன்றாகவே பறந்துவிட்டது, அதை நீ பார்த்திருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஊசி போட்டாயிற்று, புண் ஆறுகிறது. நீ எழுதிய வரியை அக்கா அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள், எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டு வந்து ‘எங்கம்மான்னு எழுதிட்டான், எங்கப்பான்னு எழுத ஒரு வரி பாக்கி வெச்சிருக்கான்’ என்றார். இப்போது அவரும் என்னோடு மாடிக்கு வருகிறார், அடுத்தவர் பைனாகுலரைப் பிடுங்காத குறை. ஆனால் அன்றைக்குப் பிறகு நீ மறுபடியும் ஒன்றும் எழுதவில்லை. எங்களுக்குத் தூக்கமில்லை. கேமரா படம் அசைந்தால் மூன்று பேரும் ஓடிப்போய்ப் பார்க்கிறோம்.

அன்றைக்கு நான் பேசியதை எழுதிவிடுகிறேன். வேலை போனது எங்களுக்குத் தெரியும். அறையைக் காலி செய்ததும் தெரியும். அதற்கெல்லாம் எவனும் செத்துப்போவதில்லை என்று கத்தினேன், பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நீ ஜெயித்து வா என்று நாங்கள் யாராவது சொன்னோமா? சாதித்துவிட்டுத்தான் போன் பண்ண வேண்டும் என்று எந்த வீட்டில் சட்டம்? தாடியோடு, அழுக்குச் சட்டையோடு, வெறுங்கையோடு வா. வருவதற்கு மனம் இல்லையா, வராதே, அங்கேயே இரு, ஆனால் இரு. எதை வேண்டுமானாலும் கைவிடு கண்ணு, உன்னை மட்டும் விட்டுவிடாதே. பேச யாராவது வேண்டுமென்றால் அந்த ஊரிலேயே ஒரு டாக்டரைப் போய்ப் பார், வெட்கப்படாதே, பல்வலிக்குப் போவதில்லையா. எங்களிடம் சொல்ல முடியாததை உன்னோடு அறையில் இருந்த அந்தப் பையனிடம் சொல், அவன் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறான். நாங்கள் எதையும் கேட்க மாட்டோம், அப்பா சத்தியம் பண்ணியிருக்கிறார், அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்கு வயிற்றுக்கு ஏதாவது போடு, வெயில் படுகிற இடத்தில் கொஞ்சம் நட, தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்காதே. நூறு வயது நல்லபடியாக இருப்பாய், பெற்றவள் வாய் சொல்கிறது, பலிக்கும். மறந்துவிடாதே, போன் பண்ண வேண்டாம், பதில் எழுத வேண்டாம், சேதி சொல்ல வார்த்தை வரவில்லை என்றால் படத்துக்குக் கீழே ஒரு புள்ளி வை. வெறும் புள்ளி. அது நீதான் என்று எங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா கடிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், வெளியே ஒரு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

புள்ளிக்காகக் கண் விழித்திருக்கும்,
உன் அம்மா

(அப்பா இதன் கீழே தானும் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.)