நாற்காலிக்குப் பட்ட காயம்

பெரியவளின் அம்மாவுக்கு,

நலம்தான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். உன் தம்பி பேச்சைக் கேட்டு என்னோடு பேசாமல் இருக்கிறாய், இருக்கட்டும்.

நான் மேற்பார்வையிடும் புது மைதானம் திறந்தாயிற்று. நடுவே கால்பந்து, சுற்றி ஓட்டப்பாதை, அதே புல்லில் ஈட்டி எறிதலும். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தைக் கொடுத்துவிடுகிறார் மேனேஜர். ஆபத்து என்றேன்.

"இவ்வளவு பெரிய கிரவுண்ட்ல இடமா இல்ல? சும்மா பயமுறுத்தாதீங்க சார்."

படித்தவன் சொல்லுக்கு எங்கும் மதிப்பில்லை, உங்கள் வீட்டிலும்தான்.

நேற்று ஒரு ஈட்டி தடம் மாறி என் நாற்காலியில் குத்தி நின்றது. நீ வாங்கித் தந்த நீல ஸ்வெட்டர் அதன் முதுகில் கிடந்தது. நான் அப்போதுதான் கால்பந்துப் பையன்களைத் திட்ட எழுந்து போயிருந்தேன். என் கோபத்தால் ஒரு நல்லதும் நடக்காது என்பாயே, நடந்திருக்கிறது. காயம் நாற்காலிக்குத்தான்.

எறிந்த பெண் அழுதுவிட்டாள். "அங்கிள், உங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கிழிந்த ஸ்வெட்டரைத் தைக்க நீல நூலும் ஊசியும் அனுப்பு. நிறம் உனக்குத்தான் தெரியும். நின்று நின்று வலிக்கும் என் காலுக்குத் தைலமும் வை.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பெண் இனிக் கேட்பாள். அதற்காகவாவது போனை எடு.

பெரியவளின் அப்பா