ஓரம் நறுக்காத மைப்படி

வாத்தியாரே,

சுருளைப் பிரித்ததும் மை வாசனை வந்தது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் வீட்டம்மா என் கையில் கொடுத்த தாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அச்சரப்பாக்கத்துப் பக்கம், எங்கள் ஏரி மதகில் கிடந்த சோழர் காலத்துக் கல்வெட்டின் மைப்படி இது. எத்தனை ஊர்க் கல்லுக்கு உங்களோடு வந்திருப்பேன்! நான் கழுவித் தேய்ப்பேன். நீங்கள் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றுவீர்கள். வீட்டுக்குப் போனதும் ஓரங்களை நறுக்கிவிடுவீர்கள். "கல்லுல இல்லாதது தாள்ல இருக்கக் கூடாது." வழியில் யார் என்ன கதை சொன்னாலும் ஒரே கேள்விதான்: "கண்டதா, கேட்டதா?"

இந்தக் கல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். உடைப்பெடுத்த ஏரியை அடைக்க உயிரை விட்டவர் எங்கள் காலனியின் மூத்தவர். அவர் பெயர் இதில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

நீங்கள் படித்தீர்கள். "ஏரிக்கு நிலம் வுட்ட சேதி கீது. பேர் வர்ற எடம் ஒடைஞ்சிபோச்சி. உயிர் வுட்டது இதுல இல்ல அண்ணாத்த."

"திருவிழா மலர்ல அச்சடிச்சிகீதே!"

"அத எழுதினவரு கல்லப் பாத்தாரா?"

"இல்ல."

"அப்ப யாராண்ட கேட்டாரு?"

"என்னாண்டதான்."

சிரித்துவிட்டீர்கள். "நீ சொன்னத அவரு எழுதுவாரு, அதையே நீ சாட்சிக்கு இட்டாருவியா?"

அந்தச் சிரிப்புதான் சுட்டது. "கல்லையும் நீங்களே படிச்சிக்கினீங்க, எங்க ஆளையும் நீங்களே தொடச்சிட்டீங்க!"

"அவரு இல்லன்னு சொல்லல அண்ணாத்த, கல்லு சொல்லலன்னுதான் சொல்றேன்" என்றது முதுகில் விழுந்தது. நான் திரும்பவில்லை. இரண்டு மழைக்காலம் ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள் என்றார்கள். அப்போதும் வீம்பு.

"கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுகினு இருந்தாரு" என்றார் உங்கள் வீட்டம்மா. துக்க வீட்டில் அப்படித்தானே சொல்வார்கள்! அதுவும் கேட்டதுதான்.

தாளைப் பிரித்தேன். இதில் மட்டும் ஓரம் நறுக்கவில்லை. பேர் உடைந்த இடத்துக்கு நேரே, ஓரத்தில், ஐந்து விரலும் விரிந்த மைக் கைத்தடம். தாள் காற்றில் பறக்காமல் அன்று நான் மை பட்ட கையால் அழுத்திப் பிடித்தது.

மதகைப் புதிதாகக் கட்டியதில் கல் சிமெண்டுக்குள் போய்விட்டது. இந்தத் தாள்தான் மிச்சம். காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் மூத்தவர் கதையைச் சொல்கிறேன். கேட்டது என்று சொல்லியே சொல்கிறேன். பிறகு தாளை விரித்து, "நீங்களே படிச்சிக்கோங்க" என்கிறேன்.

போன வாரம் ஒரு பெண் கேட்டாள்: "இது யாரு கை தாத்தா?"

"என்னுது" என்றேன். அதை நறுக்காமல் விட்டது உங்கள் கை என்று சொல்ல நினைத்தேன். ஓரம் மடங்காமல் தாளைச் சுருட்டி வைத்தேன்.