ரொட்டிக்கடை அக்காவின் கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கையில் காசில்லாத மாணவர்களுக்கென்று ஊர்க்காரர்கள் துணியும் மளிகையும் எங்கள் கல்லூரியில் கொண்டுவந்து தருகிறார்கள். எனக்கும் அங்கே ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது. நேற்று அதைப் பார்த்த ரொட்டிக்கடை அக்கா, "அட, என் கோட்டு! என்னைவிட உனக்குத்தான்டி எடுப்பா இருக்கு" என்று பூரித்துப்போனார்.

பக்கத்தில் வகுப்புத் தோழிகள். "இல்லக்கா, அம்மா அனுப்பினது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "தப்பா நெனச்சுக்காதம்மா, அதே மாதிரி இருந்துச்சு" என்றார். வாங்கிய ரொட்டியைத் தோழிகளிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் கையால் ஒரு மப்ளர் பின்னி அனுப்பு. அதை அவரிடம் கொடுத்து, "இதுதான் அம்மா அனுப்பினது, கோட்டு உங்களோடதுதான்" என்று சொல்ல வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நூல் மிஞ்சினால் எனக்கும் ஒன்று பின்னு.

உன் மகள்