சுவருக்குள் குறுக்கே போன வயர்

கூடத்தில் சிமெண்ட் தூள் வாசனை அடிக்கிறது. நாளைக்கு நம் வீட்டில் உங்களுக்கான நினைவு ஜெபம். உங்கள் படத்தை மாட்ட என் தம்பி காலையில் ஆணி அடித்தான். ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தை நான்தான் காட்டினேன். ஆணி இறங்கியது, டிவியில் பாட்டு நின்றது. திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. "அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றான் தம்பி, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே.

டிவியை இப்போதெல்லாம் அணைப்பதில்லை. பார்ப்பதும் இல்லை. வீட்டுக்குள் ஏதாவது ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான். அழுதாயா என்று போனில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை என்றால் பதறுகிறார்கள். அதனால் ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஆணி குத்திய அந்த டிவி வயரை நீங்கள் சுவருக்குள் புதைத்தது, சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் நம் முறைக்கு வந்த வாரத்தில். எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். "வயர் தொங்குனா வீடு மாதிரியா இருக்கு? ரிப்பேர் கடை மாதிரி இருக்கு" என்றீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். கேட்கிற ஆளா நீங்கள்? தாம்பரத்தில் ரயில் இறங்கி வந்தவர், ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் உளியோடு உட்கார்ந்துவிட்டீர்கள். கூட்டத்தன்று பூச்சு காயவேயில்லை. ஆயர் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து தண்ணீர் கசிகிறதா என்று விசாரித்தார். அவ்வளவுதான், நீங்களே செய்த வேலை என்று சொல்ல இடம் கிடைத்ததில் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறைத்து வைத்த வயரை வந்தவர்கள் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நானும் பார்த்தவள்தான். சுவர் முழுக்கப் பெயிண்ட் அடித்த பிறகு, அது எந்த வழியாகப் போகிறது என்று நான் நினைவில் வைக்கவில்லை. கேட்டால் சொல்ல நீங்கள் இருந்தீர்கள்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து ஆணியைச் சுற்றிச் சுரண்டிப் பார்த்தார். "யாருக்கா இத்த போட்டது? மேலால போய் நேரா எறங்கணும். இது குறுக்கால போய்க்கினு கீது" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். வாங்கி வந்த வயர் பத்தாது என்று அன்று நீங்கள் முணுமுணுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல்பட்டிருப்பீர்கள்.

சுவரை உடைத்தால் புது வயரையும் உள்ளேயே மறைத்துவிடலாம், இல்லையென்றால் வெளியே இழுத்து கிளிப் அடிக்க வேண்டும் என்றார். நான் சுவரில் கை வைத்துத் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் உங்கள் பூச்சு மேடும் பள்ளமுமாகக் குறுக்கே போகிறது. கொத்தனார் பார்த்தால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கையை எடுக்க மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உடைக்க வேண்டாம், வெளியிலேயே போட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

வெள்ளைச் சுவரில் இப்போது கறுப்பு வயர் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் படத்தை அதே ஆணியில் மாட்டியாயிற்று. வயர் உங்கள் படத்துக்குக் கீழேயே போகிறது. நாளைக்குச் சபையே வந்து இதைத்தான் பார்க்கப்போகிறது. நீங்கள் இருந்திருந்தால் மானம் போகிறது என்று என்னை ஒருவழி பண்ணியிருப்பீர்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்துவிட்டு, பதிலோடு தயாராக நிற்கும் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எலக்ட்ரீஷியன் கடைசி கிளிப்பை அடிக்கும்வரை உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்க பூசுனதுங்க, ஒடைக்க மனசு வரல" என்று சொல்வதாக இருந்தேன். கேட்கத்தான் யாரும் வரவில்லை.