உன் பங்கு மாத்திரை உனக்கே

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்கப்போவதில்லை. மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர்மேல் பாயாதே. உன் புருஷனாக இருந்துகொண்டு ஒரு விஷயத்தை வெளியே சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போனில் பேசலாம்தான். ஆனால் பேச்சு பிடிக்காவிட்டால் "அடுப்புல வெச்சிருக்கேன்" என்று சொல்லி நீ போனை வைத்துவிடுகிறாய். நீ அடுப்பில் வைத்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு ஊரே சாப்பிடலாம். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. கோபத்தில் கசக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் பிரித்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில் என் உடம்பு. வலி போய்விட்டது. நேற்று பள்ளிக்கூட மண்டபத்துச் சீலிங்குக்கு இரண்டாவது பூச்சு அடித்துவிட்டு, யாரும் பிடிக்காமல் நானே ஏணியிலிருந்து இறங்கினேன். கீழே நின்ற மேஸ்திரி, "இப்பதான் மனுஷனாட்டம் இருக்கே" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான் இருந்த நிலையை நீ பார்க்கவில்லை. ரோலரைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும். தொடை இரண்டும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி. நான் சீலிங்கைத்தான் திட்டினேன். பெயின்ட் அடிக்கிறவனுக்குத் தோள் வலிக்காமல் பேங்க் மேனேஜருக்கா வலிக்கும் என்று வீட்டில் இவளிடம் சவடால் விட்டேன். சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போன அன்றுதான் என் வாய் அடங்கியது. உடனே இவள், எனக்குக் கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் அம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கொழுப்பு மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் அம்மா கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை அக்கா. துணிமணிக்கு நடுவில் பொதிந்து நீ அனுப்பும் மாத்திரையை நான் மருந்து என்று நினைத்ததே இல்லை. அது அக்கா அனுப்பியது, அவ்வளவுதான். ஸ்வெட்டர் அனுப்பினாய், போட்டுக்கொண்டேன். மாத்திரை அனுப்பினாய், அதையும் போட்டுக்கொண்டேன். "இதயத்துக்கு நல்லதுடா, காலையில ஒண்ணு போடு" என்றாய். காலையில் உன்னுடையது, ராத்திரி டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்தது. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. நான் என்னத்தைக் கண்டேன்?

இவள்தான் பையிலிருந்து உன் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். டாக்டர் அம்மா அதைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "ரெண்டும் ஒரே மருந்துங்க, கம்பெனி பேருதான் வேற. இத்தனை நாளா ரெண்டு பங்கு முழுங்கியிருக்கீங்க" என்றார். அன்றே படுக்கையில் போட்டு, ரத்தம் எடுத்து, சலைன் ஏற்றினார்கள். தசை நைந்து சிறுநீரகம் வரை போக இருந்ததாம். நல்ல வேளையாகத் தப்பித்தேன். "வலி வந்த அன்னிக்கே எங்கிட்ட வந்திருக்கணும். சீலிங் மேல பழி போட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்று வீட்டுக்கு அனுப்பும்போதும் திட்டித்தான் அனுப்பினார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். வீடு வந்ததும் போன் செய்தேன், மாமா எடுத்தார். அக்கா அனுப்பும் அட்டை எல்லாம் ஏன் கத்தரியால் பாதியாக வெட்டி வருகிறது என்று கேட்டேன். மனுஷர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அது உனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. நீ ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாய். "ஒரே ரத்தம், ரெண்டு பேருக்கும் அப்பாவோட இதயம்தான். அவனுக்கு அங்க நல்ல மருந்து கிடைக்காது" என்றாயாம். ரத்தத்தில் கொழுப்பு ஏன் இறங்கவில்லை என்று உன் டாக்டர் கேட்டபோது, தினமும் போடுவதாகச் சாதித்தாயாம். அவர் உன் பேச்சை நம்பி, அளவைக் கூட்டலாமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறாராம்.

யாரைக் கேட்டு இதைச் செய்தாய்? போன வருஷம்தான் உன் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உன் உயிரைப் பாதியாக வெட்டி எனக்கு அனுப்ப நான் கேட்டேனா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அக்கா. அழுகையும் வருகிறது. அது உனக்குத் தெரிய வேண்டாம் என்று இவள் சொன்னாள். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய கூத்து, நான் படுத்த கதையை இவள் போனில் சொன்னதிலிருந்து நீ அடியோடு நிறுத்திவிட்டாயாமே! "தம்பியைப் படுக்க வெச்ச மாத்திரையை நானும் தொட மாட்டேன், அவனும் தொடக் கூடாது" என்று மாமாவிடம் சட்டம் போட்டிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ போட்ட சட்டம் எதையும் நான் மீறியதில்லை. இதை மீறுகிறேன். டாக்டர் அம்மா மறுபடியும் ரத்தம் பார்த்துவிட்டு, வேறு மருந்தாகக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார். போட ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த மாட்டேன். நிறுத்து என்று அவர் சொல்லட்டும், கேட்கிறேன். உடம்பு வலித்தால் அன்றே போய் நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், போனில் யாரோ அனுப்பினார்கள் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். மாத்திரை ஒரு பாவமும் செய்யவில்லை. நான் இரண்டு பேர் பங்கை விழுங்கினேன், நீ உன் பங்கையே விழுங்கவில்லை. குற்றம் அங்கே இருக்கிறது.

கடைசியாக நீ அனுப்பியதை மருந்துக்கடையில் கொடுத்து அழித்துவிடச் சொன்னேன். இனி பார்சலில் ஒரு மாத்திரை தட்டுப்பட்டாலும் அப்படியே திருப்பி அனுப்புவேன், கூட எத்தனை ஸ்வெட்டர் இருந்தாலும் சரி.

நாளைக்கே மாமாவைக் கூட்டிக்கொண்டு உன் டாக்டரிடம் போ. பாதி போட்டதையும் சொல், இப்போது நிறுத்தியதையும் சொல். அவர் திட்டுவார், வாங்கிக்கொள். நான் வாங்கவில்லையா? அதன் பிறகு அவர் எழுதிக் கொடுப்பதை ஒன்றுவிடாமல் நீயே போடு. அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். அன்றைக்கு அவரைத் தூக்க நாம் இரண்டு பேர் இருந்தோம். உன்னைத் தூக்க நான் அங்கே இல்லை அக்கா.

அக்காவுக்குத் தம்பி ஆசி சொல்லும் வழக்கம் எங்கேயும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். நூறு வயது இரு. என்னோடு பேசாமல், என் பெயரைச் சொன்னாலே எரிந்து விழுந்துகொண்டு இருந்தாலும் பரவாயில்லை. இரு.

சொல் பேச்சு கேட்காத
உன் தம்பி