ஏழு துவக்கும் ஓர் இரும்பு அலுமாரியும்

ஒக்டோபர் 2, வியாழன்

எழுந்ததும் முதல் வேலையாக பேஸ்மென்டுக்குப் போய் ஈரமானியைப் பார்த்தேன். துவக்கு அலுமாரிக்குள் 58 வீதம். மூன்று நாளாக மழை. ஈரம் உறிஞ்சும் பைகளை மாற்றி, 303 துவக்கின் மரப்பிடியைத் துணியால் ஒற்றி வைத்தேன். பிறகுதான் முகம் கழுவினேன்.

நேற்று சாப்பாட்டு மேசையில் அன்ரன் சொன்னது இன்னும் காதில். கோபமாகச் சொல்லவில்லை. இருபத்தியொரு வருடத்தில் என் கணவர் என்னோடு கோபப்பட்டதில்லை, அதுதான் கஷ்டம். "ஒண்டை வைச்சிரும், மிச்சத்தைக் குடும். ஆர் வேண்டாம் எண்டது? ஆனா ஏழு என்னத்துக்கு?" அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இருப்பது (எண் எல்லாம் ரவை அளவு):
22: முதலாவது. பதினொரு வருடம். வேலையிடத்து ஆட்களோடு ஒரு கோடையில் சுடுதளத்துக்குப் போய் வந்த கையோடு படித்து லைசன்ஸ் எடுத்து வாங்கியது.
223: ஓட்டை மேல் ஓட்டை விழும், மனம் வைத்தால்.
243: மூச்சைக் கண்டுபிடித்துவிடும். பாதியில் பிடித்தேனா, விட்டேனா என்று கடதாசியில் தெரியும்.
303: பழைய பட்டாளத் துவக்கு. தோளைக் கோபமில்லாமல் தள்ளும்.
308: சொன்னதைச் செய்யும். கொஞ்சம் அலுப்பு.
பன்னிரண்டு: சன்னத் துவக்கு. பறக்கவிடும் மண்தட்டுகளைச் சுட. மறுநாள் தோள் நீலம்.
9 மில்லி: கைத்துப்பாக்கி. சட்டம் மாறிய பிறகு தனியாருக்கு விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பொலிஸில் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான்.

ஆக, விற்கத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சும் அந்த 'ஒண்டு' இதுதான். ஏழிலும் எனக்கு ஆகக் குறையப் பிடித்தது.

அன்ரன் சொல்வதில் பிழை இல்லை. ஏழு வகை ரவை, ஏழு வகைத் தூரிகை. 223 செய்வதை 243 செய்யும். 308 இருக்க 303 தேவையில்லை. கடதாசியில் ஓட்டை விழுத்த என்றால் 22 ஒன்றே போதும். மருந்துப் போத்தல் மூடிகளை அளந்து சரி, பிழை சொல்வது என் தொழில். வேலையில் என்றால் நாலைக் கழிக்க நானே கையெழுத்து வைத்திருப்பேன்.

வேலையில் இன்னொன்று. ஆய்வுகூடம் ஜனவரியில் விட்பிக்குப் போகிறது, இங்கிருந்து நாற்பது கிலோமீற்றர். மனேஜர் என்னையும் வரச் சொல்கிறாள். பதினான்காம் திகதி பதில் சொல்ல வேண்டும். அன்ரனிடம் சொன்னேன். மில்லிக்கனில் இருந்து விட்பிக்குப் போய்வர றோட்டிலேயே சீவியம் போய்விடுமாம், ஏலாதெண்டு சொல்லட்டாம். சொல்லிவிட்டு ரீவியைப் போட்டார். அவரளவில் முடிந்த விஷயம்.

வாங்க: துவக்கு எண்ணெய், கடுகு, அவருக்கு முழங்கால் பூச்சு.

ஒக்டோபர் 4, சனி

வெயில். நல்ல குளிர். காலை சுடுதளம். 243 இருபது, 303 பத்து. 303இன் வெற்றுக்கோது சூடாகக் கையில் விழும்போது ஒரு மணம். எழுதத் தெரியவில்லை.

டக் வந்திருந்தார். எழுபது தாண்டியவர், இயந்திரப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் ஒபரேஷன் செய்த பிறகு எல்லாவற்றையும் விற்று ஒரேயொரு 22 மட்டும் வைத்திருக்கிறார். ஒன்றோடு சுகமா என்று கேட்டேன். சுகம்தான், ஒரு பெட்டி, ஒரு தூரிகை, மேசை முழுக்க இடம் என்றார். பிறகு, முன்பு பின்னேரம் வரை நிற்பாராம், இப்போது அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறாராம். முறைப்பாடு மாதிரிச் சொல்லவில்லை. மணியைப் பார்த்துச் சொன்னார்.

அவருடைய பெறாமகன், தம்பியின் பெடியன், நாலு வாங்குவானாம்: 223, 243, 303, 308. வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கூட்டி வருவார். நான் ஓம் என்றுவிட்டேன். வாய் எப்படி அவ்வளவு கெதியாகத் திறந்தது?

நிற்கும்போதே அன்ரன் போன். "எங்க நிக்கிறீர்?" அவருடைய போனில் நான் ஒரு நீலப் புள்ளி, எங்கே நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் கேட்பார். அன்பு. சந்தேகம் இல்லை. சந்தேகம் என்றால் சண்டை பிடித்திருக்கலாம்.

நாலு போகிறது என்று சொன்னேன். சந்தோஷம். கொத்துரொட்டி வாங்கி வைக்கிறாராம்.

இப்போது துடைத்து எல்லாம் உள்ளே. இந்தக் கொப்பியும் உள்ளே போகும், வழக்கம்போல்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

எழுதுவது வேலைத்தாளின் பின்பக்கம். கொப்பி உள்ளே அகப்பட்டுக்கொண்டது.

செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போய் இந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு. ஒவ்வொரு பின்னேரமும் முப்பது பேர், பேஸ்மென்டில்தான் இடம். நேற்றுப் பின்னேரம் அன்ரனின் தமக்கை பிலோமினா மச்சாள் டோர்செட் பார்க்கில் இருந்து மேசைவிரிப்போடும் பூவோடும் வந்திறங்கினா. பேஸ்மென்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் அலுமாரிக்கு முன்னால் நின்றா.

"ஜெனி, உதுக்கு மேல வைப்பம். நல்ல உயரம். மாதா எல்லாரையும் பாப்பா."

நான் அன்ரனைப் பார்த்தேன்.

"உள்ளுக்க என்ன கிடக்கு?"

"உவவின்ர வேலைச் சாமான் அக்கா," என்றார் அன்ரன், கூரையைப் பார்த்தபடி. "வையுங்கோ. நல்ல உயரம்தான்."

துவக்கு விஷயம் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் மகள் ஷரோனுக்கும் மட்டும். கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளைத் துணி தரை வரைக்கும் இறங்கிவிட்டது, கதவை மூடி. முன்னால் மெழுகுதிரி ஸ்ரான்ட், இரண்டு பூச்சாடி. ஒரு கிழமைக்குத் திறக்க வழியில்லை.

இன்று பூசை முடிந்து மாதா வந்தா. பட்டுச்சேலை, தலையில் சின்னக் கிரீடம். அழகுதான். முப்பது பேர் என் அலுமாரியைப் பார்த்து முழங்காலில். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று யோசித்ததில் செபமாலையில் இரண்டு மணி தவறிவிட்டது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

மதிய இடைவேளை, காருக்குள். இந்தத் தாள்களைக் காரின் கையுறைப் பெட்டியில் வைக்கிறேன். காரை அவரும் ஓடுவார். இதைவிட வேறு இடம் இல்லை. வீடு மூவாயிரம் சதுர அடி.

நேற்றுச் செபம் முடிந்து தேத்தண்ணி நேரம். செபத்துக்கு வந்த சவிரி அங்கிள் அலுமாரியில் சாய்ந்துகொண்டு பெடியளுக்கு மன்னார்க் கதை. பாலத்தடியில் காவலுக்கு நின்றவனிடம் இருந்த துவக்கு. "த்ரீ நொட் த்ரீ. அதெல்லோ துவக்கு. அஞ்சு ரவை போகும்."

பத்து.

நாக்கு நுனி வரை வந்தது. தட்டோடு பக்கத்தில் நின்றேன். அவருடைய முதுகுக்கும் அந்த 303க்கும் இடையில் ஓர் இரும்புத் தகடு. அங்கிள், சீனி காணுமோ என்று கேட்டேன்.

ஈரமானி பார்க்க முடியாதது பெரிய தொல்லை. முப்பது பேர் மூச்சு, மெழுகுதிரி, நனைந்த சப்பாத்துகள். இரும்பில் துரு பூக்கும்.

ஒக்டோபர் 9, வியாழன்

இன்று வேலை வெள்ளென முடிந்தது. நாலு மணிக்கு வீடு. செபத்துக்கு விரிப்பை விரிக்கக் கீழே இறங்கினேன். ஒரு பூச்சாடி இடம் மாறியிருந்தது. வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஏதோ விட்டுவிட்டு மின்னியது. தூக்கிப் பார்த்தேன். அலுமாரிப் பூட்டின் எண்பலகையில் சிவப்பு வெளிச்சம். ஐந்து தரம் பிழையாக அடித்தால்தான் அது வரும். இருபது நிமிடம் வரைக்கும் மின்னும்.

மேலே அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆர் கீழே போனது என்று கேட்டேன். மறைக்கவில்லை.

"சும்மா அடிச்சுப் பாத்தனான். கலியாண நாளெண்டு நினைச்சன்."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"பிள்ளையின்ர பிறந்தநாளும் இல்லை," என்றார். கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

கலியாண நாள், ஷரோன், என்னுடையது, அவருடையது, அம்மா கண்மூடிய நாள். அவர் அடித்த ஐந்தும் இவையாகத்தான் இருக்கும். மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். எண்ணைச் சொல்லும் அளவுக்கே வந்துவிட்டேன். பிறகு வெங்காயத்தை வாங்கி மிச்சத்தை நான் வெட்டினேன்.

அந்த எண் ஒருவருடைய நாளும் இல்லை. அலுமாரி வந்த அன்று மனதில் வந்த ஆறு இலக்கம். அதனால்தான் பிடித்தது.

என் வங்கி அட்டை எண் அவருக்குத் தெரியும். போன் எண், ஈமெயில் (இரண்டு பேருக்கும் ஒன்றுதான்), இரத்த அழுத்தம், எந்தப் பல்லு கூசும் என்பது. எல்லாம் நானே கொடுத்தது. ஒன்றைக் கொடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவர் அழுகிறார்.

ஒக்டோபர் 11, சனி

சுடுதளம் இல்லை. மச்சாளோடு கடலை அவித்தேன்.

ஷரோன் அடுப்படிக்கு வந்தாள். மச்சாள் மேலே போகும்வரை பார்த்திருந்து கேட்டாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள், இரண்டாம் வருடம்.

"அம்மா, டோன்ட் பி மாட். பட் இது ட்ரோமா திங். சின்னனில நீங்க கேட்ட சவுண்ட்ஸ். இப்ப நீங்க கொன்ட்ரோல் பண்றீங்க, யூ நோ?"

பாசமாகத்தான் சொன்னாள். சின்ன வயதில், சண்டைக் காலத்தில், சத்தத்தை வைத்து எந்தத் துவக்கு என்று சொல்வோம், உண்மைதான். மன்னாரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதில் ஒரு விருப்பமும் இருந்ததில்லை. இது விருப்பம். 243இல் ஒரு பொறுமை, 303இல் ஒரு பொறுமை, இரண்டும் ஒன்றில்லை. ஒரு காலை நேரத்துக்குள் ஏழு விதமான ஆளாக இருந்து பார்க்கலாம். மற்ற நேரம் எல்லாம் ஒரே ஆள்தான்.

அவளுடைய அப்பாவிடம் நாற்பது கிரிக்கெட் தொப்பி இருக்கிறது. அதற்கு ஒருவரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. இதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "ஃபெயார்," என்றாள். கடலை கொஞ்சம் கூட அவிந்துவிட்டது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மாதா போய்விட்டா. அடுத்த வீடு ஏஜக்ஸில். மச்சாள் துணியை மடித்து, அலுமாரியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனா.

திறந்தேன். 66. 303இன் பூட்டில் மண்ணிறப் புள்ளி மூன்று. எண்ணெய், பழைய பருத்தித் துணி, அரை மணித்தியாலம். போய்விட்டது. கொப்பி பத்திரம். மேலுள்ள தாள்களை இதற்குள் ஒட்டுகிறேன்.

துடைத்துக்கொண்டிருந்தபோது அன்ரன் படியில் வந்து இருந்தார். பிறகு, நல்ல மாதிரியாக:

"உமக்கு ஒண்டு நடந்தா? நாங்கள் உதை எப்பிடித் திறக்கிறது?"

லைசன்ஸ் இல்லாத ஆளிடம் எண் இருக்கக் கூடாது, சட்டம் என்றேன். அவருக்கும் தெரியும். இரண்டு நாள் வகுப்புத்தான், நீங்களும் படித்து எடுங்கோ, சேர்ந்து சுடுதளத்துக்குப் போவோம் என்றேன். உண்மையாகவே கேட்டேன். ஒரு நிமிடம் அதை மனதில் கண்டும் பார்த்தேன்: அவர் காதுமூடியோடு பக்கத்து மேசையில், 308 அவருக்கு.

"எனக்கு உந்தத் துவக்குகள் வேண்டாமப்பா," என்றார். "நம்பர்தான் வேணும்."

அவர் மேலே போன பிறகும் நான் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைக்க ஒன்றும் மிச்சம் இல்லாத இடத்தை.

ஒக்டோபர் 13, திங்கள்

தாங்ஸ்கிவிங். விடுமுறை. வெளியே மேப்பிள் மரம் பாதி கொட்டிவிட்டது. கோழி அடுப்பில். அன்ரன் இலை கூட்டுகிறார், பாட்டுச் சத்தம் கேட்கிறது. என்னுடைய காருக்குக் குளிர்கால ரயர் பூட்ட நேரம் எடுத்து வைத்திருக்கிறாராம், நாளை, செவ்வாய் பின்னேரம். டக் வருகிற அதே நேரம். நாள் மாற்றச் சொல்ல வேண்டும். வேண்டாம், தேவைப்படாது.

பட்டியலைத் திரும்ப வாசித்தேன். நாலைக் கழிக்கலாம் என்று எழுதியிருப்பது சரிதான். கணக்கில் பிழை இல்லை. நாலு போனால் மூன்று, அதற்கு இவ்வளவு பெரிய அலுமாரி என்னத்துக்கு என்ற கேள்வி வரும், நல்ல மாதிரியாக, சாப்பாட்டு மேசையில். பிறகு ஒன்று, அதற்கு ஒரு சின்னப் பூட்டு. பூட்டின் திறப்பு குசினி லாச்சிக்குள், எவரும் எடுக்கலாம்.

நாளைக்கு:
டக்குக்கு, இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். பெறாமகன் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வான்.
மனேஜருக்கு, ஓம்.
விட்பியில் ஓர் அறை. திங்கள் முதல் வெள்ளி வரை. பேஸ்மென்ட் என்றாலும் சரி, ஈரம் இல்லாமல். துவக்கு இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் முதலே சொல்ல வேண்டும்.
லைசன்ஸுக்கு முகவரி மாற்றம். கைத்துப்பாக்கியைக் கொண்டுபோக முதலிலேயே அனுமதி. அந்தப் படிவத்தில் முகவரிக்கு ஒரே கட்டம்தான், பெயருக்கும் ஒரே கட்டம்தான்.

ஏழும் வரும். கொப்பியும்.

சனி ஞாயிறு இங்கே வருவேனா? வருவேன் என்று இப்போது நினைக்கிறேன். இதற்கு மேல் எழுதாமல் விடுகிறேன்.

ஒன்றுதான் யோசிக்காமல் விட்டது. அலுமாரி நானூறு இறாத்தல். படியில் ஏற்ற நாலு பேர் வேண்டும். வாங்கிய அன்று இதைக் கீழே இறக்கிய நாலு பேரில் அன்ரனும் ஒருவர். கீழ்ப்பக்கத்தைத் தாங்கியவர் அவர்தான். பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. நசிந்த விரலோடேயே கடைசிப் படி வரை இறக்கினார்.

கோழி மணக்கிறது. கூப்பிடுகிறார்.